ஃபேனுக்கு மூன்று பாரா

ராஜினாமாக் கடிதம் எழுதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. நான் ஆங்கில ஆசிரியை. பத்து நிமிடம் போதும், புள்ளி கமா முதற்கொண்டு கச்சிதமாக எழுதிவிடுவேன். அதைக் கொண்டுபோய் மேஜையில் வைப்பதும் பெரிய காரியமில்லை. வைத்த பிறகு அதை நானே வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டி போகிற வழியில் எங்கள் மெட்ரிகுலேஷன் பள்ளி. கரஸ்பாண்டென்ட் சுயம்புலிங்கம் தன் திராட்சைத் தோட்டத்தில் பாதியை அழித்துக் கட்டியது. அவரை நாங்கள் கரஸ் என்போம். தோட்டத்தை அழித்தாரே தவிர, பந்தலைத் தாங்கிய கல்தூண்களைப் பிடுங்க அவருக்கு மனசு வரவில்லை. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் சுவரை வைத்து வகுப்பறை ஆக்கிவிட்டார். என் வகுப்பு ஏழு பி. கரும்பலகைக்கு நேர் எதிரே ஒரு தூண் நின்றது. அதற்குப் பின்னால் உட்கார்ந்த நான்கு பேரும் ஜூன் மாதத்திலிருந்து என் முகத்தைப் பார்த்ததில்லை. வகுப்பில் நன்றாகப் படித்தவர்கள் அந்த நான்கு பேர்தான்.

மொத்தம் அறுபத்து மூன்று பேர். பள்ளி வளாகத்துக்குள் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று வாசலிலேயே பெரிய போர்டு இருந்தது. அந்த விதியைப் போட்ட கரஸுக்கு 'குட்மார்னிங்'கும் 'டிராக்டர்'உம் தவிர வேறு ஆங்கிலம் தெரியாது. பிள்ளைகளோ தங்களுக்கென்று ஒரு பாஷையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். "மிஸ், விஷால் கிள்ளிங்." "மிஸ், ஐ நோ கிள்ளிங், அபிதா ஃபர்ஸ்ட் துப்பிங்." ஒரு நாள் அபிதா எழுந்து, விஷால் தன்னைப் பார்த்து மூச்சு விடுகிறான் என்று புகார் சொன்னாள். விசாரித்தேன். உண்மைதான், விட்டுக்கொண்டிருந்தான்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. காலையில் வேனில் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வருவதும் நான்தான், சாயங்காலம் இறக்கிவிடுவதும் நான்தான். இடைவேளையில் பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஏனென்றால் அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. எம்.ஏ., பி.எட். படித்துவிட்டுக் கதவு பிடித்தேன். மே மாதம் வெயிலில் கெங்குவார்பட்டி வரைக்கும் போய், "உங்கள் பிள்ளையை எங்கள் பள்ளியில் சேருங்கள்" என்று நோட்டீஸ் கொடுத்தேன். ஒரு வீட்டில் என்னைச் சோப்பு விற்க வந்தவள் என்று நினைத்து, போன தடவை வாங்கிய சோப்பு நுரைக்கவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள்.

எல்லாவற்றையும் கத்தித்தான் செய்ய வேண்டும். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் தொண்டையில் காற்று மட்டும்தான் வரும். அந்தக் காற்றையும் இரவில் தூக்கத்தில் செலவழித்துவிடுவேன். "ஃபிங்கர் ஆன் தி லிப்ஸ்!" என்று நான் தூக்கத்தில் கத்த, பக்கத்தில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் பால்பாண்டி தூக்கத்திலேயே உதட்டில் விரலை வைத்துக்கொள்வார். வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுத்து வந்தவர்களை நான் உயர வாரியாக இரண்டு வரிசையில் நிறுத்தினேன். நின்றார்கள். அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

"வேலைய விட்டுரு, பூமாரி" என்றார் பால்பாண்டி. சின்னமனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். "எரிஞ்சு போன மோட்டாரப் பூராம் பாத்திருக்கேன். உன்னைய மாதிரி பாத்ததில்ல."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. 2008 ஜூலையில் முதல் கடிதத்தை எழுதினேன். தொண்டை போய்விட்டது, தூக்கம் போய்விட்டது, மிச்சம் இருப்பதும் போவதற்குள் நான் போகிறேன் என்பதை மூன்று பாராவில் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதிக் கரஸின் மேஜையில் வைத்தேன்.

அவர் கடிதத்தை எடுத்தார். திருப்பினார். மறுபடி என் பக்கமே நீட்டினார்.

"கண்ணாடி கொண்டு வரலையே, டீச்சர். நீங்களே படிச்சுச் சொல்லிருங்க."

கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. எந்த ஆங்கிலக் கடிதம் வந்தாலும் அவர் கண்ணாடி கொண்டு வந்திருக்க மாட்டார், அது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆங்கில ஆசிரியையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார், அவ்வளவுதான். நான்தான் ஆங்கில ஆசிரியை என்பதை எழுதும்போது யோசிக்கவில்லை.

அறுபத்து மூன்று பேரை ஒரே முறைப்பில் உட்காரவைக்கிற எனக்கு, பெரியவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கறாராகப் பேச வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். போதாததற்கு அன்று காலையில்தான் ஆளுக்கு ஒரு கிலோ பன்னீர் திராட்சை கொடுத்தனுப்பியிருந்தார். அதில் பாதி அப்போது என் வயிற்றில் இருந்தது. கடிதத்தைக் கையில் வாங்கினேன். "ஐயா" என்று தொடங்கினேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஏழு பி-யில ஃபேன் ஓடலைன்னு எழுதிருக்கேன்."

கரஸ் கடிதத்தை எட்டிப் பார்த்தார். "இம்புட்டும் ஃபேனா?"

"இங்கிலீஷ்ல ஃபேனுக்கு மூணு பாரா வரும், சார்."

"அதான் அவிங்க ஊருல ஃபேனே இல்ல போல" என்றார். பிறகு வேன் டிரைவர் இம்மானுவேலைக் கூப்பிட்டார். "ஏலே, ஏழு பி-யில ஃபேனப் பாருலே, டீச்சர் எழுதிக் குடுக்கிற அளவுக்கா விடுறது?"

மறுநாள் ஃபேன் சுற்றியது. மின்வெட்டு போக மிச்சமிருந்த நேரமெல்லாம் நன்றாகவே சுற்றியது. கரஸ் என் கடிதத்தின் தலையில் 'ஃபேன் – முடிந்தது' என்று தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு பச்சை ஃபைலில் வைத்தார்.

வீட்டில் பால்பாண்டி காத்திருந்தார். "குடுத்தியா?"

"குடுத்தேன்."

"என்ன சொன்னாக?"

"ஃபேனச் சரி பண்ணித் தர்றேன்னாக."

அவர் "போகப் போறவளுக்கு எதுக்கு ஃபேனு?" என்று கேட்டார்.

செப்டம்பரில் இரண்டாவது கடிதம். இந்தத் தடவை தைரியமாகப் படித்துவிடுவது என்று கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி எடுத்துக்கொண்டு போனேன். அதை நான் "பெண் பிள்ளைகள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும்" என்று படித்தேன். தாழ்ப்பாள் வந்தது. அக்டோபரில் மூன்றாவது. "வேனுக்கு ஓர் ஆயா வேண்டும்." மூக்கம்மாள் வந்து சேர்ந்தார். நான் இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தியும் உட்காராத பிள்ளைகள், மூக்கம்மாள் ஒரு தடவை செருமியதும் உட்கார்ந்தார்கள்.

இதில் என் பெயர் வேறு கண்டபடி பரவிவிட்டது. பூமாரி டீச்சர் எழுதிக் கொடுத்தால் கரஸ் மறுநாளே செய்து தருகிறார், அப்படி என்னதான் மிரட்டி எழுதுகிறாரோ என்று பேசிக்கொண்டார்கள். கணக்கு டீச்சர் சுப்புத்தாய் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த லெட்டர்ல ஸ்டாஃப் ரூம் நாற்காலியையும் சேத்துக்கங்க டீச்சர், ஆணி சேலையக் கிழிக்குது" என்றார். பள்ளியிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி நான். எனக்குப் போராளிப் பட்டம். நான்காவது ராஜினாமாவில் ஸ்டாஃப் ரூமுக்கு ஆறு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது.

ஐந்தாவதைக் கொடுக்கும்போது நிஜமாகவே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கரஸ் பதறிப்போனார். "என்ன டீச்சர், அழுகுற அளவுக்கு என்ன எழுதிருக்கீக?"

"தூணு, சார்" என்றேன். "வகுப்புக்குள்ள நிக்குதே, அந்தத் தூணு."

கரஸும் கண் கலங்கிவிட்டார். ஒரு தூணுக்காக ஒரு டீச்சர் அழுது அவர் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே மேலே இரும்பு உத்தரம் கொடுத்துத் தூணைப் பிடுங்கிவிட்டார். திங்கட்கிழமை அந்த நான்கு பேரும் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த மாதத் தேர்வில் நான்கு பேரும் ஃபெயில்.

பால்பாண்டி கேட்பதையே விட்டுவிட்டார். நான் கடிதம் எழுத உட்கார்ந்தால் மட்டும், "இந்தத் தடவ தண்ணித் தொட்டி கேளு" என்பார்.

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஃபேனும் தாழ்ப்பாளும் வந்ததில் பாரம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் போக நினைத்தவள் போகவும் இல்லை, இருக்க நினைத்து இருக்கவும் இல்லை. தொண்டை மட்டும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. அதைப் பற்றி ஐந்து கடிதத்திலும் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். ஒரு தடவைகூடப் படித்துக் காட்டவில்லை.

பிப்ரவரியில் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். ஆசிரியர்களின் குறைகளைக் கவனிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். கரஸுக்கு ஒரே சந்தோஷம். பச்சை ஃபைலை எடுத்து நீட்டிவிட்டார். "எல்லாம் எங்க பூமாரி டீச்சர் எழுதுனது, சார். ஒண்ணு விடாம நிறைவேத்திட்டோம்."

என்னை அழைத்து வர ஆள் வந்தது. நான் உள்ளே போனபோது அதிகாரி ஐந்து கடிதங்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.

"ஜூலையில் வேலையை ராஜினாமா செய்கிறார்" என்று தமிழில் நிதானமாகச் சொன்னார். "அதன் மேல் 'ஃபேன் – முடிந்தது' என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். செப்டம்பரில் மறுபடி ராஜினாமா செய்கிறார். 'தாழ்ப்பாள் – முடிந்தது.' இது என்ன பள்ளிக்கூடம்? ஐந்து தடவை ராஜினாமா செய்தவர் இன்னும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறார். இப்படி ஓர் ஆள் உண்மையிலேயே இருக்கிறாரா, இல்லை பேருக்கு எழுதி வைத்திருக்கிறீர்களா?"

கரஸ் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதி, அந்தப் பிள்ளையும் தப்பாக எழுதியிருந்தது தெரிந்தால் ஒரு முகம் வருமே, அது.

"மாடல் லெட்டர், சார்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

"என்ன?"

"பத்தாம் வகுப்புக்கு லெட்டர் ரைட்டிங் உண்டு, சார். ராஜினாமாக் கடிதம் எப்படி எழுதுறதுன்னு மாதிரிக்கு எழுதுனேன். ஃபைல் மாறிப்போச்சு."

"ஐந்தா?"

"பிள்ளைக அஞ்சு விதமாத் தப்பு விடும், சார்."

அதிகாரி நம்பவில்லை. ஆனால் அவருக்கும் அடுத்த பள்ளிக்குப் போகிற அவசரம். "அப்படியானால் நீங்கள் போகவில்லை?"

"இல்ல, சார்."

"எழுதிக் கொடுங்கள்."

நான் வேலையை விடவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதை எழுதியபடி ஒருவர் அந்த அறையில் படித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

அதிகாரியின் ஜீப் போனதும் கரஸ் கதவைச் சாத்தினார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"போறேன்னு அஞ்சு தடவ எழுதிருக்கீக. அஞ்சு தடவயும் என்கிட்ட ஃபேனு, தாப்பான்னு படிச்சிருக்கீக. நீங்க எழுதுனது நெசமா, படிச்சது நெசமா?"

"ரெண்டும்தான், சார்."

"நேர்ல சொல்றதுக்கு என்ன டீச்சர்? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, ஏழு பி-யில் பேசுகிற குரலே வந்துவிட்டது. "இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு நீங்க நேர்ல சொன்னீகளா, சார்? வாசல்ல இங்கிலீஷ்லதான் பேசணும்னு போர்டு வச்சிருக்கீக. நெத்தியில கண்ணாடிய வச்சுக்கிட்டு கண்ணாடி இல்லைங்கிறீக. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூட இப்படிப் பொய் சொல்லாது!"

சொல்லி முடித்துப் பார்த்தால், கரஸ் எழுந்து நின்றிருந்தார். கோபத்தில் எழுந்தார் என்றுதான் நினைத்தேன். இல்லை, டீச்சர் திட்டும்போது எழுந்து நிற்கிற பழக்கத்தில் எழுந்திருக்கிறார்.

"அஞ்சாப்போட நிப்பாட்டிட்டு மாட்டப் பத்தி விட்டாக, டீச்சர்" என்றார் மெதுவாக. "இங்கிலீஷ் படிக்கலையேன்னு இருந்த ஏக்கத்துலதான் இந்தப் பள்ளிக்கூடத்தையே கட்டுனேன். அத எப்படி வெளிய சொல்றது?" பிறகு, "இப்ப என்ன செய்யப் போறீக? போறீகளா?" என்று கேட்டார்.

"போனா, என் லெட்டரத் தானா படிக்கத் தெரிஞ்ச ஆளுகிட்ட குடுத்துட்டுத்தான் போவேன், சார்" என்றேன். "நீங்க படிச்சுக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இருக்கேன்."

மறுநாள் காலை முதல் பிரியடில் கரஸ், நான் ஆங்கிலம் எடுக்கும் ஒன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் திரிஷா என்கிற வாண்டு. ஃபிங்கர் ஆன் தி லிப்ஸ் என்றதும் வகுப்பில் முதலில் விரல் வைத்தது அவர்தான். இரண்டாவது வாரமே திரிஷா எழுந்து நின்றாள்.

"மிஸ், கரஸ் பாத்து எழுதிங்."

ஒன்றரை வருடம் தினமும் வந்தார். வாசல் போர்டை முதலில் படித்தது அவர்தான் என்று நினைக்கிறேன். அதில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது என்று வந்து சொன்னார். இருந்தது. எட்டு வருடமாக எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. போர்டையே கழற்றிவிட்டார்.

2010 ஆகஸ்டில் என் தொண்டை ஒரேயடியாக நின்றுபோனது. தேனியில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் அப்புறம் குரல் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றுவிட்டார். பஸ்ஸில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் பால்பாண்டி, "போதும், பூமாரி" என்றார். அவர் குரல் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்றே ஆறாவது கடிதத்தை எழுதினேன். முந்தைய ஐந்தும் கோபத்தில் எழுதியவை. இதை முடிவு செய்தே எழுதினேன். தொண்டையைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி, இந்த மாதக் கடைசியோடு வேலையை விடுகிறேன் என்பதைப் பற்றி. கடைசியில் பிள்ளைகளைப் பற்றி இரண்டு வரி எழுதி, அடித்துவிட்டேன். இந்தத் தடவை என்னைப் படித்துக் காட்டச் சொன்னாலும் படிக்க எனக்குக் குரலே இல்லை.

கரஸ் கடிதத்தை வாங்கினார். நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அந்த அறையில் அது மூக்கில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வார்த்தைக்கு வார்த்தை விரலை வைத்து, உதடு அசைய, இருபது நிமிடம் படித்தார். 'தொண்டை'க்கான சொல்லில் தடுக்கி, எழுத்துக் கூட்டி, தாண்டிவிட்டார். எனக்கு உள்ளே பெருமையாக இருந்தது. வேலையை விட்டுப் போகிற நேரத்தில் இந்தப் பெருமை எதற்கென்று என்னையே திட்டிக்கொண்டேன். கடைசி வரிக்கு வந்ததும் அவர் விரல் அங்கேயே நின்றது. அடித்த இரண்டு வரிகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "படிச்சுச் சொல்றேன், டீச்சர். சரியான்னு பாருங்க."

தலையாட்டினேன்.

"ஐயா, எனக்குத் தொண்டை போச்சு. டாக்டர் ரெண்டு மாசம் பேசக் கூடாதுன்னுட்டாரு." அதுவரை சரி. கரஸ் கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தொடர்ந்தார். "இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் கேட்டேன், தாப்பா கேட்டேன், தூணக்கூடப் பிடுங்கச் சொன்னேன். எனக்குன்னு இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. இப்பக் கேக்குறேன். ரெண்டு மாசம் லீவு வேணும். திரும்பி வந்ததும் வகுப்புக்கு முப்பது பிள்ளைக்கு மேல வைக்கக் கூடாது, என்னையக் கத்த விடக் கூடாது. இப்படிக்கு, பூமாரி."

கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "சரியாப் படிச்சேனா, டீச்சர்?"

வாய் திறக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. திறந்திருந்தாலும் அழுகைதான் வந்திருக்கும். அவர் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். இத்தனை வருடத்தில் ஒரு தப்பையும் நான் சும்மா விட்டதில்லை. கடிதத்தின் ஓரத்தில், மேலிருந்து கீழ் வரைக்கும், பெரிதாக ஒரு டிக் போட்டேன்.

கரஸ் அதை வாங்கி, தலையில் 'தொண்டை' என்று எழுதினார். பக்கத்தில் 'முடிந்தது' என்று எழுதப் போனவர் பேனாவை நிறுத்தி, கொஞ்சம் யோசித்து, 'இரண்டு மாதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.